பிரஷ் தொடாத படம்

சிகாகோ,
ஜனவரி 11, 1972

அன்புள்ள வெர்னாவுக்கு,

லியோனா எழுதுவது. நானும் என் மகன் ஸ்டான்லியும் சுகம். நீயும் உன் புருஷன் ஆரினும் உன் தங்கை மார்னியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ‘அட்மிரல்’ பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்து, இரண்டே நாள் என் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனவள் நீ. மற்ற பெண்களுக்கு நான் யாரென்றே நினைவிருக்காது. நீ மட்டும்தான் வருஷம் தவறாமல் கார்டு போடுகிறாய். ஆரின் தானியக் கிடங்குக்கு மேனேஜர் ஆனது ரொம்ப சந்தோஷம். போட்டோவில் மார்னியைப் பார்த்து அசந்துபோனேன். பதினாலு வயசில் அதென்ன வளர்த்தி! அடுத்த வருஷம் போட்டோவுக்குள் அடங்க மாட்டாள் போலிருக்கிறது.

உன் மாமியார்தான் வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் பிரிப்பார் என்று எழுதியிருந்தாய். மிஸஸ் டாலஃப்சன், வணக்கம். இதற்கு மேல் படிக்காதீர்கள், ரத்தக்கொதிப்பு ஏறும். நான் பொறுப்பல்ல.

சரி, ஆபீஸ் கூத்தைக் கேள். நீ வந்த காலத்தில், துணியில்லாத பெண்கள் படம் போடுவதில் அட்மிரலுக்குப் போட்டி ஏது? ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாங்கள் பாட்டுக்கு ராஜ்யம் நடத்தினோம். இப்போது நியூயார்க்கிலிருந்து ‘சேபிள்’ என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. நாங்கள் எதையெல்லாம் நிழலில் வைத்தோமோ, அதையெல்லாம் வெளிச்சத்துக்கு இழுத்து வருவதுதான் அவன் வியாபாரம். மாசம் ஒரு விரற்கடை வெளிச்சம் கூடுகிறது. ரயில் மேம்பாலத்துப் படிக்கட்டின் கீழே பேப்பர் விற்கிறானே லூயி, அவன் என் தலை தெரிந்ததுமே பேஸ்பாலோ குத்துச்சண்டையோ நடக்கிற மாதிரி கத்துகிறான்: “லியோனாக்கா, இந்த மாசமும் உங்க ஆளுக்குத் தோல்விதான்! சேபிள் எட்டு மணிக்கே தீர்ந்துபோச்சு!” தெருவே திரும்பிப் பார்க்கிறது. ரொட்டி வாங்கப் போனவளுக்கு இது தேவையா?

எங்கள் முதலாளி வேண்டர்மீரை உனக்குத் தெரியும். வில் டை, வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, மேஜை மேல் சாமி படம் மாதிரி முதல் இதழ். சேபிள் வந்த புதிதில் அவர் மேஜையைக் குத்திப் பேசினார்: “நாம கனவான்களுக்குப் பத்திரிகை போடறோம். அவனோட சாக்கடையில இறங்க முடியாது.” இரண்டு மாசம் கழித்து விற்பனை விழுந்ததும், கணுக்கால் வரைக்கும் இறங்கலாம் என்றார். இலையுதிர் காலத்தில் முழங்கால் வரைக்கும் வந்தார். போன வாரம் என் அறைக்கே வந்து, “முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு லியோனா?” என்று கேட்டுவிட்டு மாத்திரையை மென்றார்.

நேற்றைய மீட்டிங்கை நீ பார்த்திருக்க வேண்டும். கோட்டு சூட்டு போட்ட ஆறு ஆம்பளைகள், ஆளுக்கொரு பூதக்கண்ணாடி. ஒரு படத்தில் இருப்பது நிழலா, நிழல் இல்லையா என்று மத்தியானம் பூராவும் விவாதம். வக்கீலுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. “நிழல்னே வச்சுக்குவோம் சார், நிழலை எந்தக் கோர்ட்டும் தண்டிச்சதில்லை” என்கிறார். மை தெளிக்கிற ஏர்பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஓரமாக நிற்கிறேன். இருபது வருஷமாக மூடு, மூடு என்று சொன்ன வாய்கள், இப்போது பாதி எடு, இன்னும் கொஞ்சம் எடு என்கின்றன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருமுவது போல வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் சிரிப்பு வராத சேதி ஒன்றும் இருக்கிறது. மே மாச ஆண்டு மலரில் பழைய நாயகிகளையெல்லாம் திரும்பப் போடப் போகிறார்கள். அலமாரியில் இருக்கிற அசல் பிலிமிலிருந்து, என் பிரஷ் படாமல். அட்டையிலேயே ‘பிரஷ் தொடாத அட்மிரல்’ என்று கொட்டை எழுத்தில் வருகிறது. பட்டியலில் உன் பேர் மேலே இருக்கிறது. உனக்குச் சம்மதக் கடிதம் ஒன்று வரும். அதில் கையெழுத்துப் போடாதே. காரணத்தை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. நீ நடத்துகிற முடி அலங்காரக் கடையின் முகவரியை உடனே அனுப்பு.

பனியில் வழுக்கி விழாமல் நட. மார்னிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
லியோனா ஸவாட்ஸ்கி


சிகாகோ,
பிப்ரவரி 2, 1972

அன்புள்ள வெர்னா,

இதை உன் கடை முகவரிக்கே போடுகிறேன், மாமியார் கண்ணில் படாது. உன் பதிலைப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பீட்ரூட் சூப் அடிப்பிடித்துவிட்டது. ஸ்டான்லி அதையே இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வேலைக்குப் போனான். என் முகத்தைப் பார்த்திருப்பான்.

சம்மதக் கடிதம் என் கடிதத்துக்கு முன்னாடியே வந்துவிட்டது, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன் என்கிறாய். எனக்கு என்ன வெட்கம் லியோனா, ஊர் பூராவும் பார்த்த படம்தானே, சவரக்கடைக்காரர் இழுப்பறையில் இன்னும் வைத்திருக்கிறார், பாதிரியாரே அந்தக் கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறாய். உன் தைரியம் எனக்குப் பிடிக்கும். இருபத்திரண்டு வயசில் என் மேஜைக்கு வந்தபோதும் நீ தலை குனியவில்லை. எனக்கு அழகு இருக்கிறது, எனக்குச் சம்மதம், இதில் உங்களுக்கு என்ன என்பது போலத்தான் நின்றாய். அதற்காகவே உன்னை எனக்குப் பிடித்தது.

ஆனால், அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அதில் மறைக்க இனி என்ன மிச்சம், கொஞ்சம் நிழல்தானே என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அங்கேதான் நான் கரண்டியைக் கீழே போட்டேன். அடி பைத்தியக்காரப் பெண்ணே, நீ பார்த்தது உன் படம் இல்லை. அது என் வேலை!

எங்கள் முறை உனக்கு மறந்துபோச்சு. காமெராவில் எடுத்த பிலிமை நாங்கள் தொடவே மாட்டோம். அது உறைக்குள் போய் அலமாரியில் தூங்கும். அதிலிருந்து பெரிதாகப் போட்ட பிரதியில்தான் நான் பிரஷ் பிடிப்பேன். வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அவளுக்குச் சரி என்று பட்டால் பிரதியின் முதுகில் பென்சிலால் பேர் எழுதுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் அச்சுக்குப் போனதில்லை. ஆக, நீ பார்த்ததும் அதுதான், கையெழுத்துப் போட்டதும் அதுதான், சவரக்கடை இழுப்பறையில் இருப்பதும் அதுதான். அசலை நீ கண்ணாலேயே கண்டதில்லை.

அசலில் தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு கோடு இறங்குகிறது. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வயிற்றிலும் ஸ்டான்லி போட்ட கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது. குழந்தையை வெட்டி எடுத்த தழும்பை, அதைச் சுமக்கிறவள் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பிரஷ்ஷை எடுத்தேன், தோல் நிறத்தைக் கலந்தேன், மூடினேன். முடிந்த படத்தை நீ ரொம்ப நேரம் பார்த்தாய். அப்புறம் என் கையை ஒரு பிடி பிடித்தாய் பார், மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. பேர் எழுதிவிட்டு ஊருக்கு ரயிலேறினாய். அந்த வருஷக் கடைசியில் வந்த முதல் கார்டில் உன் மடியில் மூன்று வயசுக் குழந்தை. என் தங்கை என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் நரைத்த தலையோடு உன் அம்மா. அதற்கு மேல் யாரும் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆரின் உன் புருஷன், அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை. நீ கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால் எடுத்த படத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தால், உங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் வைத்துக்கொண்டே உன் மோவாயையும் மார்னியின் மோவாயையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. நேராக வேண்டர்மீரிடம் போய், அந்தப் பெண் அசலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அது நம் வழக்கத்தில் செல்லாது, அவள் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. அந்த ஆள் விளக்குப் பெட்டி மேல் பிலிமை வைத்துத் தானே குனிந்து பார்த்தார். ஒரு விசில் அடித்தார். “தழும்பா? சேபிள்காரன் இதுவரைக்கும் தழும்பு காட்டினதே இல்லையே! ரெண்டு பக்கமா போட்டுடலாம்.” நான் விளக்குப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

வக்கீலிடமும் கேட்டேன். கையெழுத்து கையெழுத்துதான் அம்மா என்று கைகழுவிவிட்டார். பிலிம்கள் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகின்றன.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, இல்லாவிட்டால் கூப்பிடு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். அழாதே. அழுதாலும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழு, வாடிக்கைக்காரிகளுக்கு வேடிக்கை காட்டாதே. எனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

உன்,
லியோனா


சிகாகோ,
பிப்ரவரி 14, 1972

என் அன்பு வெர்னா,

முதலில் நல்ல சேதி. உன் படம் மே மாசம் வராது. ஜூனில் வராது. எந்த மாசமும் வராது. காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார், மீதியைச் சொல்கிறேன்.

நீ போனில் பேசியது என் காதை விட்டுப் போகவே இல்லை. ‘அவ ஸ்கூல் பஸ்ல யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது லியோனா, வேற எங்க வேணாலும் தெரிஞ்சுக்கட்டும்’ என்றாயே. உன் மானம், உன் கடை, உன் மாமியார், ஒன்றையும் நீ சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். போனை வைத்துவிட்டு ஸ்டான்லியிடம், எனக்கு வேலை போகப் போகிறதடா என்றேன். “போனா போகட்டும்மா, அந்தப் படிக்கட்டு உன் முட்டிக்கு ஆகல” என்றான். பெற்றதற்கு இது போதும்.

வெள்ளிக்கிழமை மீட்டிங். அந்த ஆறு பேரும் இருந்தார்கள். பழைய நாயகிகளின் உறைகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னார் வேண்டர்மீர். கொண்டுபோனேன். கூடவே எங்கள் அறையில் இருக்கும் ப்ளீச் ஜாடியையும் கொண்டுபோனேன். பிரதியில் விழுந்த மைக்கறையைத் துளித் துளியாக எடுக்க வைத்திருப்பது. பிலிமை அதில் முக்கினால் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஒன்றும் மிஞ்சாது. கர்ப்பிணி வயிற்றைத் தாங்குவது போல அதை அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒருத்தரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. நான் கையில் எதையாவது ஏந்திக்கொண்டு வருவது அவர்களுக்கு இருபது வருஷப் பழக்கம்.

கடைசித் தடவையாகக் கேட்கிறேன் சார், வெர்னா படத்தை விட்டுவிடுங்கள் என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். “என்ன லியோனா, வயசான காலத்துல பக்தி வந்துடுச்சா? உடம்பைப் பார்த்தா கூசுதா?” எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கே கேட்க ஆசையாக இருக்கிறது. “நான் கன்னிகாஸ்திரீ இல்லை சார். உடம்பு எனக்குச் சோறு போட்டுச்சு, என் பையனை வளர்த்துச்சு. நீங்க செருப்புக் கடையில அளவு எடுத்துக்கிட்டிருந்த காலத்திலேயே நான் இந்தப் பொண்ணுங்களுக்குத் தோல் நிறம் கலந்துட்டிருந்தேன். ஒருத்தி தானா காட்டினா அது அவ அழகு. அவளைக் கேக்காம பிடுங்கிக் காட்டினா அதுக்குப் பேர் வேற. நியூயார்க்குக்காரன் ஒரு விரல் இறங்கினா நீங்க ரெண்டு விரல் இறங்குவீங்க. இறங்குங்க, உங்க கால், உங்க சாக்கடை. அவ வயித்தை ஏணியா வைக்காதீங்க.”

ஜாடி மூடியைத் திறந்தேன். நெடி குப்பென்று அடித்தது. உன் உறையிலிருந்த பிலிம்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். வக்கீல்தான் முதலில் எழுந்தார், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வேண்டர்மீர் என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார், ப்ளீச் அவர் சட்டைக் கையில் தெறித்ததும் பின்வாங்கிவிட்டார். இடுக்கியால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். வெறும் கண்ணாடி. அதன் வழியாக அவர் வில் டை தெளிவாகத் தெரிந்தது.

“பிரஷ் தொடாத படம்தானே கேட்டீங்க? இந்தாங்க. பிரஷ் தொடவே இல்லை.”

அவர் கத்தியதையெல்லாம் எழுதினால் தாள் பொசுங்கிவிடும். கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார். தாராளமாக இழுங்கள், அந்த பிலிமில் என்ன இருந்தது, அந்தப் பெண்ணிடம் ஏன் காட்டவில்லை என்று நீதிபதி கேட்பார், நிருபர்கள் எழுதிக்கொள்வார்கள், சேபிள்காரன் அதை அட்டையில் போடுவான் என்றேன். வக்கீல் அவர் காதில் என்னமோ சொன்னார். அதற்குப் பிறகு கோர்ட்டுப் பேச்சு இல்லை, வெளியே போ என்கிற பேச்சுதான். கோட்டை மாட்டிக்கொண்டு, என் பிரஷ்களை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வந்தேன். வேலைக்காரர்கள் பின்வாசலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம்.

கீழே லூயிக்கு எப்படியோ அதற்குள் விஷயம் போய்விட்டது. “லியோனாக்கா, இந்த மாசம் ரெண்டு பேருமே தோத்துட்டாங்க!” என்று கத்தினான். முதல் தடவையாக அவன் கத்தியது எனக்கு இனித்தது. காப்பி வாங்கிக் கொடுத்தான்.

இன்னொரு வேடிக்கை கேள். இன்று காலையில் நியூயார்க்கிலிருந்து போன். சேபிள்காரர்கள்! நல்ல பிரஷ் கை ஒன்று வேண்டுமாம். உங்கள் படமெல்லாம் இயற்கை என்று அட்டை அட்டையாக அடிக்கிறீர்களே என்றேன். “இயற்கையாத் தெரியறதுக்குத்தாங்க நிறைய வேலை செய்ய வேண்டியிருக்கு” என்றான் அந்தப் பையன். விழுந்து விழுந்து சிரித்தேன். வருகிறேன், ஆனால் ஒவ்வொரு பெண்ணும் முதலில் அசலைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து, அது என் சட்டம் என்றேன். கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டான். கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் போகட்டும். எங்கள் சர்ச் தெருவில் கல்யாணப் போட்டோ எடுப்பவர் கூப்பிடுகிறார். மணப்பெண்களின் பருவை அழிக்கிற வேலை. பருவை அழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். இந்தக் கடிதத்தோடு இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு பிலிம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஜாடியில் போட்டேன், இதை மட்டும் முந்தின நாளே ஸ்வெட்டர் கைக்குள் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். இதுதான் அசல். உலகத்தில் வேறு பிரதி இல்லை. எரித்துவிட வேண்டும் என்று தோன்றினால் எரித்துவிடு, உன் பொருள். ஆனால் எரிக்கும் முன்னால் கடை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார். உன்னை நீயே பார்த்ததில்லை வெர்னா. என் மை இல்லாமல் நீ எப்படி இருந்தாய் என்று பார். நான் நிறையப் பெண்களைப் பார்த்தவள், பொய் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தக் கோட்டோடு நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அந்தக் கோடு அசிங்கமில்லை. ஒருத்தி வந்த வழி அது.

ஜாடி ஒரு தடவைதான் காப்பாற்றும் கண்ணு. நாளைக்கு உன் அம்மாவுக்கு நாக்குத் தவறலாம், ஆஸ்பத்திரிக் கிழவி யாராவது உளறலாம். பஸ்ஸில் கேட்கக் கூடாது என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் வேறு எங்கே கேட்பாள்? உன் வாயில் கேட்கட்டும். திட்டினால் திட்டட்டும், கதவை அறைந்து சாத்தட்டும். பதினாலு வயசுக்கு அது பழகினதுதான், ஸ்டான்லி எங்கள் வீட்டுக் கதவை இரண்டு தடவை மாற்ற வைத்தான். சாத்தின கதவுக்கு வெளியே உட்கார்ந்திரு. எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திரு. பயமாக இருந்தால், ஆறு பூதக்கண்ணாடிகளுக்கு முன்னால் ஜாடியோடு நின்ற கிழவியை நினைத்துக்கொள்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். ஆரினுக்கு என் வாழ்த்து, மாமியாருக்குத் தனியாக ஒரு வணக்கம். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் போட்டோ வேண்டும், மார்னி அடங்காவிட்டால் குறுக்கே படுக்க வைத்தாவது எடுங்கள். கார்டின் பின்பக்கம் அவள் பேருக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் நீ எழுதுகிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்தத் தடவை எழுதாதே, மகளே.

உன் கையை அன்று போலவே பிடித்துக்கொண்டு,
லியோனா